மிளகாய் நெடி

9 ஜூலை 2024, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. செம்பாக்கத்தில் பாதி வீடுகளில் இன்று கறி கிடையாது. சிக்கன் வண்டியைத் தள்ளும்போதே அத்தா சொன்னார், "இன்னிக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான்." அப்படியே ஆனது.

அம்மா நேற்று மிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடிகட்டிச் சட்டியில் ஊற்றினாள். அதன் மேல் புதுப் பாக்கெட்டை உடைத்து ஊற்றினாள். தினமும் இப்படித்தான். நேற்றைய எண்ணெயில் முந்தாநாள் எண்ணெய் இருக்கும், அதில் அதற்கும் முந்தையது. நம் சட்டி என்றைக்காவது முழுசாகக் காலியாகியிருக்கிறதா? எனக்கு நினைவில்லை. "புதுசு மட்டும் ஊத்தினா கறி வெளுத்து நிக்கும்டி. பழசுதான் கலர் குடுக்கும்" என்பாள் அம்மா.

அத்தா மசாலா பிசைவார், வருகிறவர்களிடம் பேசுவார். பொரிப்பது அம்மா. அத்தா பொரித்தால் ஒன்று வேகாது, இல்லாவிட்டால் கரியாகும். அம்மாவுக்குத்தான் அந்தக் கண். நான் பொட்டலம் கட்டுவேன்.

எனக்கு யாரிடமும் பேச வராது. பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். பத்தாவதில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், பின்னால் சிரிப்பார்கள். ஒருநாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. கடைக்கு ஒரு கை வேண்டியிருந்தது, வீட்டிலும் யாரும் அதட்டவில்லை.

பேச வராததால் தூள் போடுவேன். பொரிக்கும்போது கறியிலிருந்து உதிர்ந்து எண்ணெயிலேயே சுற்றிச் சுற்றி மொறுமொறுவென்று கறுத்துப்போகிற மாவுத் தூள். அதற்குக் காசு இல்லை. நம் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள். ஆட்டோ குப்புராஜ் அண்ணன் இன்றும் சொன்னார், "இன்னா தபூ, பேசவும் மாட்ட, சிரிக்கவும் மாட்ட. தூளாவது ஒரு கை ஜாஸ்தி போடு." போட்டேன்.

மிஞ்சின தூள் வீட்டுக்கு. சோற்றில் பிசைந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். கொட்டினால் வீட்டின் பரக்கத், இருக்கிற வளம் எல்லாம் போய்விடும்.

அம்மா சட்டிமுன் நிறைய இருமினாள். கேட்டால், "மிளகாய் நெடிடி."

18 ஜூலை, வியாழன்

இன்றும் மிளகாய் நெடி. ஆனால் காலையில் பாத்திரம் கழுவும்போதும் இருமினாளே, அங்கே ஏது மிளகாய்?

பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் பேபி அக்கா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள், "சித்திகா, ஒரு எட்டு சானடோரியம் போய்ட்டு வந்துடேன்." அத்தா முகம் மாறிவிட்டது. இந்தப் பக்கத்தில் சானடோரியம் போகிறேன் என்றால் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். "டி.பி.ன்னு பேர் வந்தா ஒருத்தன் நிப்பானா நம்ம கடைல?" என்றார்.

அதனால் போகவில்லை.

24 ஜூலை, புதன்

போனோம். நானும் அம்மாவும் மட்டும். கடைத்தெருவில் யாரும் பார்க்கக் கூடாது என்று அம்மா பர்தாவின் முகத்துணியை ஆஸ்பத்திரி வாசல் வரை எடுக்கவில்லை. சளியைச் சின்ன டப்பாவில் கொடுத்தாள். ரயில் போகிற சத்தமும் இருமல் சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தன. எல்லோரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

26 ஜூலை, வெள்ளி

டி.பி. இல்லை!

டாக்டர் சொன்ன மறு நொடியே அம்மா எழுந்துவிட்டாள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "மருந்து எழுதியிருக்கேன்மா. இருமல் நிக்கலன்னா மறுபடி வாங்க, ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்." அம்மா தலையாட்டிக்கொண்டே கதவருகில் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வெளியே வந்து முகத்துணியைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடம்கூட, "எனக்கு டி.பி. இல்லைங்க" என்றாள். அந்த அம்மாள் பாவம், நகர்ந்து உட்கார்ந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் அத்தாவே பிரியாணி ஆக்கினார். பேபி அக்காவுக்கும் ஒரு டப்பா. சாயங்காலம் கடை போட்டோம்.

15 ஆகஸ்ட், வியாழன்

லீவு நாள். நல்ல கூட்டம். அம்மாவின் இருமல் டானிக் தீர்ந்துபோச்சு, இன்னொன்று வாங்கினோம்.

5 செப்டம்பர், வியாழன்

மாடிப்படியில் அம்மா பாதியில் நின்றாள். "நீ போ, வரேன்."

22 செப்டம்பர், ஞாயிறு

அம்மா துப்பட்டா ஓரத்தில் சிவப்பாக இருந்தது. மசாலா என்று நினைத்துத் தண்ணீரில் போட்டேன். மசாலாக் கறை இப்படிக் கரையாது.

நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

1 அக்டோபர், செவ்வாய்

அத்தாவிடம் சொன்னேன். சொல்ல இத்தனை நாள். வேறு ஆஸ்பத்திரி, பெரியது. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை. இன்னும் டெஸ்ட் இருக்கிறதாம். முதுகுப் பக்கம் ஊசி போட்டுச் சதை எடுப்பார்களாம்.

14 அக்டோபர், திங்கள்

நுரையீரலில். இரண்டு பக்கமும்.

எழுத உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அந்த ஒரு வரிக்கு மேல் போகவில்லை.

அந்த அறையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். டாக்டர் கேட்டார், "வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?"

அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் கேக்குறீங்க? நான் தொட்டதில்ல. அவ வெத்தலகூடப் போட மாட்டா."

"வேலை என்ன செய்றாங்க?"

"கடை. சிக்கன் பொரிக்கிறது. இவதான் சட்டில நிப்பா."

"எத்தன வருஷமா?"

அத்தா என்னைப் பார்த்தார். "இவ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அத்தா மெதுவாகக் கேட்டார், "அதனாலயா சார்?"

"ஒருத்தருக்கு வந்ததுக்கு இதுதான் காரணம்னு விரல் நீட்டிச் சொல்ல முடியாது பாய். தினம் அந்தப் புகைல நின்னது ஒரு காரணமா இருக்கலாம்."

"புகை இல்ல சார். கேஸ் அடுப்புதான். எண்ணெய் ஆவிதான் வரும்."

"அதுவும் புகைதான்."

அம்மா முன்னால் சாய்ந்தாள். "டி.பி. இல்லன்னு சொன்னாங்களே சார்" என்றாள், அது ஏதோ ரசீது மாதிரி. ஐயோ, நாம ஏன் அன்னிக்கு எழுந்து வந்தோம்? ஏன் நான் ஒரு வார்த்த கேக்கல? அவர் ஸ்கேன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சே. விழுந்துச்சுதானே?

20 அக்டோபர், ஞாயிறு

ஒரு வாரம் கடை மூடியிருந்தது. இன்று போட்டோம். சட்டிமுன் நான்.

எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. ஜல்லிக்கரண்டியைப் பிடித்தேன். எப்போது திருப்ப வேண்டும், எப்போது அள்ள வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஈடுகூடக் கருகவில்லை. "கை மாறினாலும் ருசி மாறல பாய்" என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது, பொய் எழுத மாட்டேன். அம்மா படுத்துக் கிடக்கிறாள், எனக்குச் சந்தோஷம்.

எண்ணெய் கொதிக்கும்போது நீலமாக மெல்லிசாக ஒரு புகை எழும்பி நேராக முகத்துக்கு வருகிறது. பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டியபோது அது என் கண்ணில் பட்டதே இல்லை.

23 அக்டோபர், புதன்

வீட்டுக்கு வந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தலையை இழுத்து மோந்து பார்த்தாள். "உன் தலைல என் வாசன வருது" என்றாள். அப்புறம் அத்தாவைக் கூப்பிட்டாள். கூப்பிடவே மூச்சு வாங்கியது.

"இவ சட்டிமுன்னாடி நிக்கக் கூடாது."

"வேற யார் நிக்கறது சித்திகா? என் கை உனக்குத் தெரியாதா?"

"கடைய மூடுங்க. இல்ல நீங்க நில்லுங்க. இவ நிக்கக் கூடாது. சொல்லுங்க."

அத்தா "சரி" என்றார். "சரின்னா பத்தாது" என்றாள். அவர் கையை அவள் கைமேல் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

5 நவம்பர், செவ்வாய்

கடைக்கு உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வந்தார். இந்த ரோட்டில் எல்லா வண்டிகளுக்கும் போனாராம். காய்ச்சல் பார்க்கிற கருவி மாதிரி ஒன்று, நீளமாக. அதைச் சட்டியில் விட்டார். பச்சையாக இருந்த விளக்கு சிவப்பாக மாறியது.

"எண்ணெய் எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு இது காட்டும் பாய். இருபத்தஞ்சு தாண்டக் கூடாது. உங்களது எங்கயோ நிக்குது. எத்தன நாள் எண்ணெய் இது?"

அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அத்தா தனக்குத் தோன்றியதைச் சொன்னார், "சார், வெளியாளுக்கு ஒண்ணு எங்களுக்கு ஒண்ணுன்னு இல்ல. நாங்களும் இதத்தான் சாப்பிடறோம். அல்லா மேல ஆணை. இந்தத் தூளத்தான் சோத்துல போட்டு…"

ஆபீசர் தூள் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதான் பாய் எனக்குப் பயமா இருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எண்ணெயைக் கேனில் ஊற்றச் சொன்னார். பழைய எண்ணெயை எடுத்துப் போக ஆள் வருவார்களாம், அதில் வண்டிக்கு டீசல் செய்வார்களாம். அடுத்த வாரம் தாம்பரத்தில் பயிற்சி, கடைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

சட்டி காலியாக இருந்தது. அடியில் தார் மாதிரி ஒட்டியிருந்தது. அதை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

13 நவம்பர், புதன்

அம்மாவுக்கு இன்று கீமோ ஊசி போடும் நாள், அத்தா அவளோடு போனார். பயிற்சிக்கு நான். கல்யாண மண்டபம் ஒன்றில் வரிசையாக நாற்காலி. எல்லோருக்கும் ஏப்ரனும் தலைக்குத் தொப்பியும் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஒரு மேடம் பேசினார். மாவுப் பண்டமும் கிழங்கும் அதிகச் சூட்டில் சிவந்து கறுக்கக் கறுக்க, அக்ரிலமைடு என்று ஒன்று அதற்குள் உண்டாகிறதாம். கறியைத் தீயில் கருக்கினால் வேறு சில. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில் இன்னும் சில. "இது நீங்க போடுறது இல்ல. பாக்கெட்ல வர்றதும் இல்ல. சூட்டுல அதுவா உண்டாகுது. அதனால கறுக்க விடாதீங்க, பொன்னிறத்துல எடுங்க."

குரோம்பேட்டையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் தேவானந்தம் என்பவர் எழுந்தார். "மேடம், பொன்னிறத்துல எடுத்தா 'வேகல'ன்னு திருப்பிக் குடுக்கறானுங்க. ஜனத்துக்கு முதல்ல கிளாஸ் எடுங்க." மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மேடமும் சிரித்தார்.

இன்னொருவர் கேட்டார், "இத தின்னா கேன்சர் நிச்சயமா மேடம்?"

"எலிகளுக்கு வந்திருக்கு. மனுஷங்களுக்கு இன்னும் உறுதியா சொல்ல முடியல. வராதுன்னும் சொல்ல முடியல. ஒரு நாள் தின்னு வர்றது இல்ல இது. எவ்வளவு குறைக்க முடியுமோ குறைக்கணும், அவ்வளவுதான். சட்டிப் புகையும் அப்படித்தான், நிக்கிறவங்களுக்குத்தான் முதல் ஆபத்து. வேற சந்தேகம்?"

எனக்கு இருந்தது. தினமும் சோற்றில் போட்டுச் சாப்பிட்டால்? புகையிலும் நின்று, தூளையும் தின்றால்? எது முதலில் உள்ளே போனது, எது எங்கே தங்கியது? என் அம்மாவுக்கு… கை மடியிலிருந்து எழவில்லை. மேடம் எங்கள் வரிசையை ஒரு நொடி பார்த்துவிட்டு மைக்கை வைத்துவிட்டார்.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கலப்படம் என்றால் கலந்தவன் ஒருவன் இருப்பான், அவனைத் திட்டலாம். இதை யாரும் கலக்கவில்லை. அம்மா கலரைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். அந்தக் கலரேதான் கெடுதல்.

30 நவம்பர், சனி

புயல் மழை. கடை இல்லை, கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

ஊசிக்குப் பிறகு அம்மாவுக்கு நாக்கில் எதுவும் தெரிவதில்லை. கஞ்சி வேண்டாம், முட்டை வேண்டாம். இன்று தானாகக் கேட்டாள், "சோத்துல கொஞ்சம் தூள் போட்டுப் பெசஞ்சு குடுடி. அது ஒண்ணுதான் தெரியும்போல இருக்கு."

டப்பாவில் பழையது கொஞ்சம் இருந்தது. அத்தா எடுக்கப் போனார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடும்மா. கேக்குறா. குடுத்தா என்ன ஆயிடப் போவுது இனிமே?"

இனிமே. சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. டப்பாவை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் கத்தணும்போல இருந்துச்சு. அவர் சொன்னது தப்பில்ல. நான் பிடிச்சதும் தப்பில்ல. அப்ப யார்தான் தப்பு?

சின்ன வாணலியில் புது எண்ணெய் ஊற்றினேன். மாவைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வருவதற்கு முன்பே அள்ளிவிட்டேன். சோற்றில் பிசைந்து ஊட்டினேன். அம்மா மென்றாள். முகத்தையே பார்த்தேன்.

"பச்சப்புள்ள மாதிரி இருக்குடி இது. ஒரு ருசியும் இல்ல."

ஆனால் தட்டைக் காலி பண்ணினாள்.

டப்பாவில் இருந்ததைத் தெருத் தண்ணீரில் கொட்டினேன். கொஞ்ச தூரம் மிதந்து போனது.

8 டிசம்பர், ஞாயிறு

அத்தா சட்டியில் நிற்கிறார். முகத்தில் துணி, பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன். எண்ணெய் தினமும் புதுசு. ஆனால் கறி வேகாமல் எடுத்துவிடுகிறார். இன்று இரண்டு பொட்டலம் திரும்பி வந்தது.

என்னை நிற்கச் சொல்லவும் முடியாது, அவருக்கு வரவும் வராது.

11 டிசம்பர், புதன்

அம்மாதான் வழி சொன்னாள். "செல்போனச் சட்டி பக்கத்துல வை. நான் கேக்குறேன்."

சத்தியமாக எனக்குப் புரியவில்லை. மாலையில் அத்தா போனில் வீட்டுக்குப் பேசி, ஸ்பீக்கரில் போட்டு, உப்பு டப்பாமேல் சாய்த்து வைத்தார். கறியைப் போட்டதும் சட்டி இரைந்தது. அம்மா அங்கே படுத்துக்கொண்டு அதைக் கேட்கிறாள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் லேசானது. "இப்ப எடுங்க" என்றது போன். அத்தா அள்ளினார். பிட்டுப் பார்த்தால் உள்ளே வெந்திருக்கிறது, மேலே பொன்னிறம்.

"கலரப் பாத்தா ஏமாந்துடுவீங்க. சத்தத்தக் கேளுங்க. ஈரம் இருக்கற வரைக்கும் கத்தும். சத்தம் முழுசா அடங்கிப்போச்சுன்னா கறுக்கப் போவுதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி எடுக்கணும்."

வந்தவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துப் பேசினார்கள். "அக்கா, நல்லா கீறியா?" என்று குப்புராஜ் அண்ணன் கத்தினார். "கத்தாதப்பா, சட்டிச் சத்தம் கேக்கல" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும்.

20 டிசம்பர், வெள்ளி

சினேகா வந்தாள். என்னோடு பத்தாவது வரை படித்தவள், இப்போது பன்னிரண்டாவது. டியூஷன் முடிந்து அடிக்கடி வருவாள். நான் குனிந்துகொண்டு பொட்டலத்தில் தூளை அள்ளிப் போடுவேன், அவள் "தேங்க்ஸ்டி" என்பாள், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பின்னால் சிரித்தவர்களில் அவளும் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"தூளு?" என்றாள்.

"இல்ல."

என் குரல்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

"அது நல்லதில்ல. எண்ணெயிலயே கருகிக் கெடக்கறது. இனிமே கெடையாது."

"நீ பேசுவியா?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

10 ஜனவரி 2025, வெள்ளி

கூட்டம் குறைந்துவிட்டது. எதிரில் புதிதாக ஒரு வண்டி வந்திருக்கிறது. அங்கே கறி செக்கச்செவேலென்று இருக்கிறது, தூளும் அள்ளிப் போடுகிறார்கள். குப்புராஜ் அண்ணன் மட்டும் இன்னும் நம்மிடம்தான். இன்று ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்து, "இன்னா பாய், சிக்கன் ஆஸ்பத்திரில படுத்துகினு எழுந்து வந்தமாரி வெளுத்துக் கீது" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். போனில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுந்தாவது வந்துச்சே தம்பி" என்றாள்.

அவர் பணத்தை வைத்துவிட்டு மீதி வாங்காமல் போய்விட்டார்.

26 ஜனவரி, ஞாயிறு

"எடுங்க" என்று சொல்லக்கூட அம்மாவுக்கு மூச்சு இல்லை. போனை விரலால் தட்டுகிறாள். தட்டினால் எடுக்க வேண்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

தட்டவில்லை. அத்தா அப்படியே நின்றார். கறி கருகியது. வண்டியை அங்கேயே பேபி அக்காவிடம் விட்டுவிட்டு ஓடினோம். அம்மா தூங்கியிருந்தாள். மூச்சு இருந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு

அம்மா போய்விட்டாள்.

27 பிப்ரவரி, வியாழன்

இன்றிலிருந்து கடை. அத்தாவுக்குச் சத்தம் பழகிவிட்டது, சரியாக எடுக்கிறார். போனை இன்னும் உப்பு டப்பாமேல்தான் சாய்த்து வைக்கிறார். யாருக்கும் போடாமல், சும்மா.

16 மார்ச், ஞாயிறு

நோன்பு மாதம். சமோசாவும் கறியுமாக மாலையில் மூச்சு விட நேரமில்லை. எதிர் வண்டிக்கும் நமக்கும் போட்டி.

இன்று பார்த்தேன், அத்தா நேற்றைய எண்ணெயைக் கொட்டவில்லை. வடிகட்டி வைத்திருந்தார். மேலே புதுசை ஊற்றப் போனார்.

"நோன்பு வரைக்கும்தான் தபூ. கலர் இல்லன்னு எல்லாரும் அங்க போறான்."

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேனில் ஊற்றினேன். முழுசும். கையெல்லாம் எண்ணெய். அத்தா தடுக்கவில்லை. துணியால் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அம்மா போனபோதுகூட அவர் அழவில்லை.

31 மார்ச், திங்கள்

பெருநாள். பேபி அக்கா மல்லிகைப்பூ கொண்டுவந்தாள், இரண்டு முழம். பழக்கத்தில் இரண்டாக வெட்டியிருந்தாள்.

8 ஏப்ரல், செவ்வாய்

ஈ ஓட்டும் நாள். அத்தா இருமினார்.

"மிளகாய் நெடிம்மா" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன். மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "இன்னிக்குக் கடை இல்ல" என்றேன். அத்தா வாயைத் திறந்தார். "கடை இல்லத்தா."

10 ஏப்ரல், வியாழன்

சானடோரியம். அத்தா வர மாட்டேன் என்றார், வேண்டாத பேர் வரும் என்றார், நாளைக்கு என்றார். அம்மாவின் துப்பட்டாவை எடுத்து அவர்முன் வைத்தேன். வந்தார். டப்பாவில் சளி கொடுத்தோம்.

12 ஏப்ரல், சனி

இன்று ரிசல்ட்.

அதே வராந்தா, அதே அறை. டாக்டர் வேறு, சின்ன வயசுக்காரர். தாளைப் பார்த்தார். "டி.பி. இல்ல பாய். கவலப்படாதீங்க. மருந்து தரேன்."

அத்தா முகத்தில் எத்தனை நாளுக்குப் பிறகு களை வந்தது! "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்தார். காலால் செருப்பைத் தேடினார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா தபூ" என்றார்.

நான் எழவில்லை.

டாக்டர் அடுத்த பேரைக் கூப்பிடப் போனார். நாற்காலியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்கேன் எழுதிக் குடுங்க சார்."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸ்கேனா? மருந்து சாப்பிட்டுப் பார்க்கட்டுமேமா. நிக்கலன்னா வாங்க."

"எங்கம்மாவுக்கும் இங்கதான் சார், இதே ரூம்ல, டி.பி. இல்லன்னாங்க. நாங்க எழுந்து போயிட்டோம்."

டாக்டர் பேனாவை எடுத்தார். "அவர் என்ன வேலை பாக்குறார்?"

"சட்டில நிக்கிறார்."

கதவை மெல்லச் சாத்திய சத்தம் கேட்டது. அத்தா வந்து என் பக்கத்து நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.